அடிமை என்னும் சொல்

குடிக்கு அடிமை, சூதுக்கு அடிமை, அபினுக்கு அடிமை என்பன இன்று தமிழில் இயல்பாகிவிட்ட வழக்குகள். அடி என்பது பாதம். பிறனொருவன் அடியின்கீழ் நிற்கும் தன்மையே அடிமை. ஆள் ஓலை எழுதிப் பிறனுக்கு உரியவனானவனும் அடிமை. இறைவனுக்குத் தொண்டு பூண்டவனும் அடிமை. திருவெண்ணெய்நல்லூர்ச் சபையிலே, முதியவர் ஒருவர் காட்டிய ஓலையைக் கொண்டு சுந்தரர் அடிமையெனத் தீர்க்கப்பட்ட வரலாற்றில் இவ்விரு பொருளும் ஒன்றாகின்றன.

இதே கருத்து உரோமாபுரியிலும் இருந்தது என்பது வியப்புக்குரியது. கடனை ஒப்புக்கொண்டவனுக்குப் பன்னிரண்டு பலகைச் சட்டம் முப்பது நாள் தவணை அளித்தது. அதன் பின்னும் கொடாதவனை நீதிபதி கடன் கொடுத்தவன் கையில் ஒப்புவிப்பார். அவ்வாறு ஒப்புவிக்கப்பட்டவன் பெயர் 'அடிக்டுஸ்'. ஆங்கிலத்தில் வழங்கும் 'அடிக்சன்' இச்சொல்லின் வழிவந்ததே. தமிழ் அடிமையோடு அதற்குள்ள ஒலியொற்றுமை தற்செயலானது. உறவு கொண்டாடுதல் வேண்டா. ஷேக்ஸ்பியர் காலத்தில் அது வெறும் மனச்சாய்வையே குறித்தது. கல்வியில் ஈடுபட்டவனையும் அவ்வாறே சொல்லலாம். மதுவும் அபினும் அச்சொல்லைத் தமக்கே உரிமையாக்கிக் கொண்டது பிற்காலத்திலேதான்.

பின்னர் மருத்துவர்கள் அதனைக் கையிலெடுத்தனர். 1957இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, அடிமைப்படுதல் வேறு, பழக்கப்படுதல் வேறு எனப் பிரித்தது. அப்பிரிவு நடைமுறையில் நில்லாமையால், 1964இல் இரண்டுக்கும் பதிலாக, நம் நாட்டு வழக்கில் தங்கியிருத்தல் எனத்தக்க ஒரு சொல்லைப் பரிந்துரைத்தது.

இது இழிவில்லாத நல்ல சொல்லே. ஆனால் அதனாலும் ஓர் இடர் நேர்ந்தது. கடும் நோவுக்காக மோர்பீன் பெறும் நோயாளியின் உடல் சில வாரங்களில் அம்மருந்தில் தங்கிவிடும். திடீரென நிறுத்தினால் வியர்வையும் நடுக்கமும் உண்டாகும். இஃது உடலின் இயல்பு. கேடு விளைவது அறிந்தும் விடமுடியாது தேடி அலைவதோ வேறொன்று. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தமையால், மருந்து வேண்டிய நோயாளியே ஐயத்துக்கு ஆளாகி, நோவு தணியாது வருந்த நேர்ந்ததுண்டு. 2013இல் அமெரிக்க உளமருத்துவர் சங்கம் தன் நோய்க் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் அப்பெயரைக் கைவிட்டமைக்கு இக்குழப்பமும் ஒரு காரணம். சூதாட்டக் கோளாறும் அப்பதிப்பிலேயே போதைப் பொருட் கோளாறுகளோடு ஓர் இனமாக வைக்கப்பட்டது.

திருக்குறளில் கள்ளுண்ணாமையும் சூதும் அடுத்தடுத்த அதிகாரங்கள். அவற்றை அடுத்து நிற்பது மருந்து.