அடுப்படியும் ஓர் அறைதான்

கிராமத்தில் புதுவீடு கட்டுகிறவர்களைக் கவனியுங்கள். வாசல் நிலைக்கு நல்ல மரமாகத் தேடி நாலு ஊர் அலைவார்கள். முன்சுவருக்கு இரண்டு வண்ணத்தில் பெயிண்ட் அடிப்பார்கள். கூடத்தில் டி.வி. எங்கே, பீரோ எங்கே என்று வீட்டுக்காரர், அவர் அப்பா, கொத்தனார் மூவரும் நின்று பேசுவார்கள். எல்லாம் முடிந்து கையில் இருந்த காசும் கரைந்த பிறகு, கொல்லைப்பக்கம் மிச்சம் கிடக்கிற மூலை சமையலறை ஆகிவிடும். அந்த மூலையில் நின்று வேலை பார்க்கப் போகிறவளை "உனக்கு எப்படி இருந்தா தோதா இருக்கும்?" என்று ஒரு வார்த்தை கேட்பவர்கள் குறைவு.

காலையில் இரண்டு மணி, மாலையில் இரண்டு மணி என்று குறைத்தே கணக்குப் போட்டாலும், ஆண்டுக்கு 1,460 மணி நேரம் ஒரு பெண் அந்த அறையில் கழிக்கிறாள். கூடத்தில் அவள் உட்காருவது இதில் கால் பங்கு இருக்குமா?

குடும்பநலம் என்றதும் பிரசவம், தடுப்பூசி, குடும்பக் கட்டுப்பாடு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அடுப்படிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். வயிற்றுப் பிள்ளையின் எடை முதல் மாமியாரின் கண்பார்வை வரை சம்பந்தம் இருக்கிறது. ஆகவே இந்தப் பிரசுரத்தைக் கணவன் மனைவி இருவரும் சேர்ந்து படிக்க வேண்டும். முக்கியமாகக் கணவர் படிக்க வேண்டும். ஏனெனில் சுவரில் ஜன்னல் வைக்கக் காசு கொடுப்பது பெரும்பாலும் அவர்தான்.

முதலில் புகையைப் பார்ப்போம்

விறகு, முள், வரட்டி, பருத்திமாறு, தேங்காய் மட்டை எதை எரித்தாலும் புகை வரும். கண்ணுக்குத் தெரியும் புகையில் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள் இருக்கிறது. அது மூச்சோடு நுரையீரலின் அடி வரை போய்த் தங்கும். கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவும் இருக்கிறது. அதற்கு மணம் இல்லை, நிறம் இல்லை. இரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். கர்ப்பிணி இந்தப் புகையில் தினம் இருந்தால் வயிற்றுப் பிள்ளைக்குப் போகிற பிராணவாயு குறையும். பிள்ளை எடை குறைந்து பிறக்க இதுவும் ஒரு காரணம். இடுப்பில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு சமைத்தால் அதுவும் அதே புகையைத்தான் குடிக்கிறது. சிறு பிள்ளைகளுக்கு வரும் நிமோனியாவுக்கும், பெரியவர்களுக்கு வரும் நாள்பட்ட மூச்சிரைப்புக்கும், கண்புரைக்கும் அடுப்புப் புகையோடு தொடர்பு உண்டு.

இது இன்று நேற்றுத் தெரிந்த விஷயம் அல்ல. டெல்லியில் இதய மருத்துவர் டாக்டர் பத்மாவதி 1950களிலேயே ஒன்றைக் கவனித்தார். நுரையீரல் கெட்டு அதனால் இதயமும் பழுதாகும் நோய் ஆண்களுக்கு வருவதைப் போலவே பெண்களுக்கும் வந்தது. ஆண்கள் பீடி, சிகரெட் குடித்தவர்கள் என்று சொல்லலாம். பெண்கள் குடிக்கவில்லையே! அவர்கள் குடித்தது அடுப்புப் புகை. வீட்டுக்குள் எரியும் இத்தகைய புகையால் 2020ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 32 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அதில் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் 2,37,000 பேருக்கு மேல்.

"எங்க பாட்டி, அம்மா எல்லாம் புகையிலேதானே சமைச்சாங்க?" என்று கூட்டங்களில் கேட்பதுண்டு. சமைத்தார்கள், சரிதான். ஐம்பது வயதில் திண்ணையில் உட்கார்ந்து இருமியதையும், கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருந்ததையும் கூடவே நினைத்துப் பார்க்க வேண்டும்.

புகையை வெளியேற்றப் பெரிய செலவு வேண்டாம். அடுப்புக்கு மேலே சுவரில் ஒரு வழியும், எதிர்ச் சுவரில் கொஞ்சம் தாழ்வாக ஒரு ஜன்னலும் இருக்க வேண்டும். காற்று ஒரு பக்கம் வந்தால்தான் மறுபக்கம் போகும். ஒரே ஒரு ஜன்னல் மட்டும் வைத்து, அதையும் பூனை வருகிறது என்று அட்டை வைத்து அடைத்துவிட்டால் பயன் இல்லை. கம்பி வலை அடியுங்கள். பூனை வராது, காற்று வரும். ஓட்டு வீடாக இருந்தால் இரண்டு ஓட்டை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு போடலாம். வெளிச்சத்துக்கு அதுவே போதும்.

தென்கிழக்கு அக்னி மூலையில்தான் அடுப்பு இருக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆனி, ஆடி, ஆவணியில் நம் பக்கம் மேல்காற்று வீசும்போது கிழக்கோரத்துப் புகை வீட்டுக்குள் வராமல் வெளியே போய்விடும். அந்த அளவில் அது நல்ல ஏற்பாடு. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று எதிர்த்திசையிலிருந்து வரும். ஆகவே மூலை சரியாக இருக்கிறது, ஜன்னல் வேண்டாம் என்று யாரும் இருந்துவிடக் கூடாது.

புகைபோக்கி வைத்த அடுப்பு நம் நாட்டில் பழைய முயற்சி. 1953ல் ஐதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த எஸ்.பி. ராஜு புகையில்லா அடுப்பைப் பற்றி விளக்கி எழுதினார். 1983ல் மத்திய அரசு இதற்கென நாடு தழுவிய திட்டமே தொடங்கியது. 2002ல் அது நின்றுபோயிற்று. பல ஊர்களில் அந்த அடுப்பு நிலைக்காததற்குக் காரணம் எளிமையானது. குழாயில் கரி அடைத்துக்கொண்டது, யாரும் துடைக்கவில்லை. குழாய் உடைந்தது, யாரும் மாற்றவில்லை. உங்கள் வீட்டில் புகைபோக்கி இருந்தால் மாதம் ஒரு முறையாவது கூரைமேல் ஏறி, நீளக் கம்பில் துணி சுற்றி உள்ளே விட்டுத் துடையுங்கள். இது ஆண்கள் செய்ய வேண்டிய வேலை என்று வைத்துக்கொள்வோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடுப்பு பற்றவைக்கப் பிளாஸ்டிக் பையைக் கொளுத்துகிற பழக்கம் எங்கும் பரவிவிட்டது. அந்தப் புகை விஷம். தென்னம்பாளை, காய்ந்த ஓலை என்று எவ்வளவோ இருக்கிறது.

கேஸ் வந்த வீடுகளில்

2016ல் உஜ்வலா திட்டம் வந்தபின் கேஸ் இல்லாத கிராமம் அபூர்வம். ஆனால் வீடுகளுக்குள் போய்ப் பார்த்தால் டீ போட கேஸ், சோறு வடிக்கவும் வெந்நீர் போடவும் விறகு என்று இரண்டும் நடக்கிறது. சிலிண்டர் விலை அப்படி. அதைக் குறை சொல்லிப் பயனில்லை. விறகு எரிக்கத்தான் வேண்டுமென்றால் வெந்நீர் அடுப்பை வீட்டுக்கு வெளியே, கொல்லையில் ஒரு சார்ப்பு இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருக்கிற மாதங்களிலாவது முழுச் சமையலையும் கேஸில் செய்வது என்று கணவர் முடிவு எடுக்க வேண்டும்.

கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தங்கும். அதனால் சிலிண்டரைப் பள்ளத்திலோ, மூடிய அலமாரிக்குள்ளோ வைக்கக் கூடாது. எப்போதும் நிமிர்த்தியே வைக்க வேண்டும். அடுப்பு அதற்கு மேலே மேடையில் இருக்க வேண்டும். அதே அறையில் விறகடுப்பு எரியக் கூடாது. ரப்பர் குழாய் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாக இருக்கட்டும். 5 ஆண்டுக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள். விரிசல் கண்டால் அதற்கு முன்பே மாற்றுங்கள். வாடை வந்தால் லைட் சுவிட்சைத் தொடாதீர்கள். போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, எல்லாரும் வெளியே வந்து 1906க்குப் போன் செய்யுங்கள்.

நின்று பார், நடந்து பார்

புகைக்கு அடுத்தது இடுப்புவலி. எங்களிடம் வருகிற தாய்மார்கள் பாதிப்பேர் "இடுப்பு விட்டுப்போச்சும்மா" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். மேடை கட்டும்போது கொத்தனார் தன் உயரத்துக்கு அளந்துவிடுகிறார். சமைப்பவள் அவரைவிட அரையடி குள்ளம். தோளைத் தூக்கிக்கொண்டே கிண்டினால் கழுத்து வலிக்கும். மேடை தாழ்ந்துபோனால் இடுப்பு ஒடியும்.

அளவு எடுக்க டேப் வேண்டாம். அவள் நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கட்டும். முழங்கையிலிருந்து நாலு விரல் கட்டை கீழே இறங்கினால் காய் நறுக்கும் மேடையின் உயரம். அடுப்பும் அதன்மேல் பானையும் உயரம் பிடிக்கும் அல்லவா? அதனால் அடுப்பு வைக்கிற பகுதி முழங்கையிலிருந்து ஒரு சாண் கீழே இருக்கட்டும். இரண்டு உயரமாகக் கடப்பைக் கல் போட எந்தக் கொத்தனாருக்கும் தெரியும்; நாம்தான் கேட்பதில்லை. கட்டி முடிந்த மேடை உயரமாகப் போய்விட்டால் காலடியில் அகலமான, ஆடாத பலகை போடலாம். உட்கார்ந்து சமைத்தே பழகிய வயதானவர்களை நிற்கச் சொல்ல வேண்டாம். அவர்களுக்கு அடுப்பை ஓரடி உயர்த்தி, கைப்பிடித்து எழுந்திருக்கத் தோதாக ஒரு முக்காலி போட்டுக் கொடுங்கள்.

அடுத்தது நடை. 1926ல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட் லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் ஒரு சமையலறை வரைந்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர், அவ்வளவுதான். ரயிலில் உள்ள சமையல் பெட்டியில் அத்தனை சின்ன இடத்தில் அத்தனை பேருக்குச் சமைக்கிறார்களே என்று பார்த்து, எந்த வேலைக்கு எத்தனை அடி நடக்க வேண்டியிருக்கிறது என்று கணக்கெடுத்து வரைந்தார். ஆயிரக்கணக்கான வீடுகளில் அதைக் கட்டினார்கள். இடம் சிறிதாக இருப்பது குறை அல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

நீங்களும் ஒரு காரியம் செய்யலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கணவர் அடுப்படி வாசலில் உட்கார்ந்து, கையில் புளியங்கொட்டை வைத்துக்கொண்டு, மனைவி ஒரு வேளைச் சமையலுக்குள் எத்தனை முறை குனிகிறாள், எத்தனை முறை வெளியே தண்ணீருக்குப் போகிறாள் என்று எண்ணட்டும். ஒரு வீட்டில் இதைச் செய்யச் சொன்னோம். அந்த வீட்டுக்காரருக்குப் புளியங்கொட்டை போதாமல் போய்விட்டது! மறுவாரமே தண்ணீர்த் தொட்டியைக் கொல்லைக் கோடியிலிருந்து அடுப்படிச் சுவரோரம் மாற்றினார்.

தினமும் எடுப்பவை இடுப்புக்கும் கண்ணுக்கும் நடுவே இருக்க வேண்டும். அஞ்சறைப் பெட்டி, உப்பு, எண்ணெய், கரண்டி எல்லாம் அடுப்புக்குக் கையெட்டும் தூரத்தில். கனமான அரிசி டின் கீழே. தீபாவளி, பொங்கலுக்கு மட்டும் எடுக்கிற அண்டாவும் தவலையும் பரணில். நடப்பதோ தலைகீழாக இருக்கிறது. சீர்வரிசையில் வந்த எவர்சில்வர் பாத்திரம் நல்ல அலமாரியில் தூசி படிந்து நிற்கும்; தினம் புழங்குகிற சட்டி தரையில் கிடக்கும். பாத்திரத்தைப் பளபளவென்று அடுக்கி வைப்பதில் நம் பெண்களுக்குள்ள ஆசையைக் குற்றம் சொல்லவில்லை. அழகும் வேண்டும்தான். சுவருக்கு வருஷம் ஒரு தடவை வெள்ளையடியுங்கள், கரி இல்லாத சுவரே பாதி அழகு. மீதி, புழங்குகிற பாத்திரத்தைக் கவிழ்த்து வரிசையாக வைப்பதில் வந்துவிடும்.

அயோடின் உப்பை மூடியுள்ள ஜாடியில், அடுப்பு அனலும் ஈரமும் படாமல் வையுங்கள். திறந்து கிடந்தால் அயோடின் வீணாகும்.

அடுப்படியில் இருக்கக் கூடாதவை

பூச்சிமருந்து. இதைப் பலமுறை சொல்லியாயிற்று, இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது. மீந்த மருந்தைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி அடுப்படி மாடத்தில் வைக்கிறார்கள். பிள்ளை எடுத்துக் குடித்துவிடுகிறது. மருந்து டப்பாவைக் கழுவிப் பருப்புப் போட்டு வைப்பதும் அதே ஆபத்து. வாங்கி வந்த டப்பாவிலேயே, பூட்டிய இடத்தில், வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். மண்ணெண்ணெய்க்கும் இதேதான்.

தவழும் பிள்ளை இருக்கிற வீட்டில் அடுப்படி வாசலுக்கு முழங்கால் உயரத்தில் ஒரு தட்டி கட்டுங்கள். குழம்புச் சட்டியைத் தரையில் இறக்காதீர்கள். சமைக்கும்போது நைலக்ஸ், பாலியஸ்டர் சேலை வேண்டாம். நூல் சேலை கட்டி முந்தானையைச் செருகிக்கொள்ளுங்கள். தீக்காயம் பட்டுவிட்டால் மாவு, மை, பற்பசை எதையும் பூசக் கூடாது. சுத்தமான குளிர்ந்த தண்ணீரை 20 நிமிஷம் ஊற்றிக்கொண்டே இருங்கள். ஐஸ்கட்டி வைக்காதீர்கள். சுத்தமான துணியால் லேசாக மூடி, 108க்குப் போன் செய்யுங்கள்.

தண்ணீர்

குடிதண்ணீர்க் குடம் தரையில் வேண்டாம். திண்டு மேல், மூடியோடு, நீளக் காம்புள்ள அகப்பையோடு இருக்கட்டும். கைவிட்டு மொள்ளும் தண்ணீரில்தான் வயிற்றுப்போக்கு வருகிறது. கைகழுவச் சோப்பு அடுப்படி வாசலிலேயே இருக்க வேண்டும். பாத்திரம் கழுவும் தண்ணீர் தேங்கினால் யானைக்கால் பரப்பும் கொசு அதில் முட்டையிடும். வாய்க்கால் வெட்டி வாழைக்கும் கீரைப்பாத்திக்கும் திருப்புங்கள். இடமில்லாவிட்டால் மூன்றடி ஆழத்தில் உறிஞ்சுகுழி வெட்டிக் கல்லும் செங்கல் ஜல்லியும் போடுங்கள்.

கடைசியாக, உட்கார ஒரு இடம். எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, சட்டியில் ஒட்டியதை நின்றபடி வழித்துச் சாப்பிடுகிற கர்ப்பிணிகளை இன்றும் பார்க்கிறோம். அடுப்படியில் ஒரு பலகைக்கு இடம் விடுங்கள். அவள் தட்டை முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள்.

வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் "அடுப்புப் புகைதான்" என்று விட்டுவிடாதீர்கள். காசநோயாகவும் இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசம். புதுவீடு கட்ட இருப்பவர்கள், கடைக்கால் போடுமுன் கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வரும் நாளில் அடுப்படி வரப்போகிற இடத்தை அவரிடம் காட்டி, ஜன்னல் எந்தப் பக்கம் என்று பேசிக்கொள்ளலாம்.