சுராங்கனி தப்பித்தாள், மற்றவர்கள்?

1960களில் வந்து மறந்துபோன பாப் இசைத்தட்டுகளைப் பிரான்சில் ஒரு கூட்டம் இன்றும் துழாவிக்கொண்டிருக்கிறது. நாம் தேட வேண்டிய பாட்டு அவ்வளவு தூரத்தில் இல்லை. தனுஷ்கோடிக்கு எதிர்க்கரையில், இலங்கைத் தமிழர்கள் பொப்பிசை, துள்ளிசை என்று சொன்ன பாட்டு அது. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ.இ. மனோகரனின் 'சுராங்கனி' போன்றவை அதன் முகங்கள். மேல்நாட்டுக் காப்பி என்று அதை ஒதுக்குவோர் உண்டு. கிதார் வெளியிலிருந்து வந்ததுதான். போர்த்துக்கீசியர் காலத்து வேரிலிருந்து வளர்ந்த பைலாத் தாளமும் அப்படியே. ஆனால் அவற்றின் மேல் ஏறி உட்கார்ந்தது யாழ்ப்பாணத்துப் பேச்சுத்தமிழ். அன்றைய சினிமாப் பாட்டில் அந்தத் தமிழுக்கு ஏது இடம்? 'சுராங்கனி' இன்றும் கல்யாண வீடுகளில் ஒலிக்கிறதே, இதில் தொலைந்தது என்ன என்றும் கேட்கலாம். 1977இல் இளையராஜா இசையமைத்த 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் அது ஏறியது. சினிமா கைகொடுக்காத பாட்டுகளைக் கேட்டுப் பாருங்கள், நம் பக்கத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இசைத்தட்டு கிடைக்காவிட்டால் ராமநாதபுரம், ராமேசுவரம் கரையோர வீடுகளின் பரண்களில் கிடக்கும் பழைய கேசட்டுகளில் தேடலாம் என்பது என் கட்சி. மத்திய அலை வானொலி ஒலிபரப்பு உப்புநீர்ப் பரப்பின் மேல் அதிகம் தேயாமல் நெடுந்தூரம் போகும். அதனால் அந்நாளில் இலங்கை வானொலி இந்தக் கரைக்கு உள்ளூர் வானொலி மாதிரி இருந்தது. டேப் ரெக்கார்டர் வந்ததும் பிடித்த நிகழ்ச்சியைப் பதிந்துவைப்பது பல வீடுகளில் வழக்கமானது. இரைச்சலோடு கிடக்கும் அந்தக் கேசட்டால் என்ன பயன்? இசைத்தட்டில் பாட்டு மட்டுமே இருக்கும். கேசட்டில் அறிவிப்பாளர் குரல், விரும்பிக் கேட்ட நேயர்களின் ஊர், பேர் எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது, பிறகு போர். அங்கே அழிந்ததன் ஒரு பிரதி இக்கரையில் கிடக்குமானால் அதை இரைச்சல் என்று தள்ள முடியுமா? உரிமைச் சிக்கல் விற்கும்போது வரட்டும், பாடியவரிடம் கேட்போம். அழியாமல் காப்பது வேறு வேலை.

உப்புக்காற்றும் ஈரமும் பட்டால் நாடாவில் வெள்ளைப் பூஞ்சணம் பூக்கும், இரும்பு ஆக்சைடு பூச்சு உதிரும். அதை அப்படியே பிளேயரில் போட்டால் அறுந்துபோகலாம். முதலில் விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். அதற்கும் முன்னால் ஒரு வேலை: கேசட்டின் மேல்விளிம்பில் இரு ஓரத்திலும் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிடுங்கள். அதன்பிறகு யாரும் தெரியாமல் அதன்மேல் வேறு பாட்டைப் பதிந்துவிட முடியாது.