கத்துகிற யுபிஎஸ் என்ன சொல்கிறது?

இரவு பதினொரு மணி. வெளியே இடியுடன் கனமழை. மறுநாள் காலையில் ஒப்படைக்க வேண்டிய இடுபணியின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறீர்கள். திடீரென விளக்கு அணைகிறது. மேசைக்கு அடியில் யுபிஎஸ் ‘பீப், பீப்’ என்று கத்துகிறது. கணினிதான் ஓடுகிறதே என்று தட்டச்சைத் தொடர்கிறீர்கள். ஒரே நிமிடத்தில் திரையும் இருண்டுவிடுகிறது.

மின்தடையை மட்டும் குறை சொல்வதில் பயனில்லை. மின்கலம் பலவீனமாகிவிட்டது என்று யுபிஎஸ் முன்பே எச்சரித்திருக்கும். தொல்லை தாங்காமல் நாம்தான் அதன் ஒலியை நிறுத்தியிருப்போம்.

வீட்டு யுபிஎஸ் கருவியில் பெரும்பாலும் இருப்பது 12 வோல்ட் ஈய அமில மின்கலம். வேலையைத் தொடர்வதற்கு அல்ல, கோப்புகளைச் சேமித்துக் கணினியை முறையாக அணைப்பதற்கே அது சில நிமிட அவகாசம் தருகிறது. ஒலிகளின் பொருள் மாதிரிக்கு மாதிரி மாறும் என்பதால் கையேட்டைப் பார்ப்பது அவசியம். எனினும் பொதுவாகக் கேட்பவை மூன்று.

விட்டு விட்டு ஒலித்தால்: யுபிஎஸ் மின்கலத்தில் ஓடுகிறது. வீட்டில் மின்சாரம் இருந்தும் ஒலித்தால், சுவர் சுவிட்சையும் பிளக்கையும் பாருங்கள். சில மாதிரிகளின் பின்புறத்தில் பாதுகாப்புப் பொத்தான் ஒன்று இருக்கும். அது வெளியே தள்ளியிருந்தால் உள்ளே அழுத்துங்கள். ஒலி வேகமெடுத்தால் மின்கலம் தீரப்போகிறது. உடனே கணினியை அணையுங்கள்.

இடைவிடாமல் ஒலித்தால்: பெரும்பாலும் சுமை அதிகம். 600 விஏ என்றால் 600 வாட் அல்ல. பல மாதிரிகள் ஏறக்குறைய 360 வாட் மட்டுமே தாங்கும். லேசர் அச்சுப்பொறி சூடேறும்போது பல நூறு வாட் இழுக்கும். அதை முதலில் கழற்றுங்கள். எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் ஒலி நிற்காவிட்டால் பழுது உள்ளே இருக்கிறது. பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

மின்சாரம் இருக்கும்போதே மின்கல விளக்கு எரிந்து ஒலித்தால்: ஓர் இரவு முழுவதும் மின்னேற்றிவிட்டு மீண்டும் சோதியுங்கள். அப்போதும் ஒலித்தால் மின்கலத்தை மாற்ற வேண்டும். இதன் ஆயுள் பொதுவாக 3 முதல் 5 ஆண்டுகள். 25 பாகை செல்சியசுக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். நம் நாட்டு வெப்பத்தில் யுபிஎஸ் கருவியை மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள்.

யுபிஎஸ் நன்றாக இருந்தும் கணினி மட்டும் அணைகிறதா? பின்புறத் துளைகளைப் பாருங்கள். சில துளைகள் மின்னழுத்த எழுச்சியிலிருந்து பாதுகாப்பு மட்டுமே தரும். மின்கல மின்சாரம் அவற்றுக்கு வராது.

பள்ளி விடுமுறை தோறும் ஒரு சோதனை செய்யலாம். கோப்புகளை மூடிவிட்டுச் சுவர் சுவிட்சை அணையுங்கள். பிளக்கைப் பிடுங்க வேண்டாம்; நில இணைப்பு துண்டிக்கப்படும். எத்தனை நிமிடத்தில் ஒலி வேகமெடுக்கிறது என்று குறித்துக்கொண்டு சுவிட்சை மீண்டும் போடுங்கள்.

மின்கலம் வீங்கினாலோ, கசிந்தாலோ, துர்நாற்றம் வந்தாலோ கருவியை அணைத்து, மின்னிணைப்பைத் துண்டியுங்கள். நீங்களே திறக்காதீர்கள். பழைய மின்கலத்தைக் குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு சேகரிப்பு மையத்தில் ஒப்படையுங்கள்.

ஒலியை நிறுத்தும் பொத்தானைத் தாராளமாக அழுத்தலாம், காரணத்தைக் கண்டுபிடித்த பிறகு!