டாக்டராக வேண்டும் என்று சொல்லும் பிள்ளைக்கு நாம் எந்த வழியைக் காட்டுகிறோம்?

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வெளியானதும் யாழ்ப்பாணத்து முஸ்லிம் வீடுகளில் ஒரே பேச்சுத்தான். ஒன்பது ‘ஏ’ எடுத்த பிள்ளை என்றால் “டாக்டருக்குப் படிக்க வையுங்கள்” என்று எல்லோரும் சொல்வார்கள். எப்படிப் படிக்க வைப்பது, எங்கே விண்ணப்பிப்பது, எவ்வளவு காலம், எவ்வளவு செலவு என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் குறைவு. இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையின் முன் நிற்கிற ஓர் ஆசிரியன் என்ற முறையில், பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விளக்கம் தர விரும்புகிறேன்.

அண்மைக் காலத்தில் இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் சொந்தக்காரர் தொலைபேசியில், “அங்கே பட்டப்படிப்பையும் மருத்துவத்தையும் சேர்த்தே தருகிறார்களாம், பிள்ளையை அனுப்பலாமே” என்கிறார். அதிலிருந்தே தொடங்குவோம்.

அமெரிக்க முறை வேறு, நம் முறை வேறு

அமெரிக்காவில் பள்ளிக்கூடம் முடித்த பிள்ளை நேரே மருத்துவக் கல்லூரிக்குப் போவதில்லை. முதலில் நான்கு ஆண்டுகள் ஒரு பட்டம் படிக்க வேண்டும். அதன் பிறகு எம்கெட் என்ற நுழைவுப் பரீட்சை எழுதி, மேலும் நான்கு ஆண்டுகள் மருத்துவம் படிக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் பள்ளிக்கூடத்திலிருந்தே ஒரே தடவையில் இடம் தருவதுதான் கூட்டுத் திட்டம். பிரவுன் பல்கலைக்கழகத்தின் எட்டு ஆண்டுத் திட்டமும், மிசூரி–கன்சாஸ் சிட்டிப் பல்கலைக்கழகத்தின் ஆறு ஆண்டுத் திட்டமும் இதில் பேர்பெற்றவை. இடங்கள் மிகச் சில, போட்டி கடுமை, கட்டணம் நம் குடும்பங்கள் நினைத்துப் பார்க்க முடியாதது. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் வெளிநாட்டு மாணவருக்குத் தரும் இடமும் சொற்பம். அங்கேயே பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளைக்கு அது பொருந்தலாம். சோனகத் தெருவில் இருக்கும் பிள்ளைக்கு அது வழியல்ல.

சொல்லப்போனால், நமக்கு அப்படி ஒரு திட்டம் தேவையும் இல்லை. இலங்கையில் உயர்தரம் முடித்தவர் நேரடியாக மருத்துவபீடத்தில் சேர்கிறார். ஐந்து ஆண்டுகள் எம்.பி.பி.எஸ்., அதன் பின் ஓராண்டு உள்ளகப் பயிற்சி. அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் இல்லை. வசதி குறைந்தவருக்கு மஹாபொல போன்ற உதவித் தொகைகளும் உண்டு. நம் வாசலிலேயே, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1978 முதல் மருத்துவபீடம் இருக்கிறது.

இந்தத் தீபகற்பத்துக்கு மருத்துவக் கல்வி புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் உள்ளூர் இளைஞருக்கு மேலைத்தேய மருத்துவம் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழுக்கும் கொண்டுவந்தார். அவர் பெயரில் மானிப்பாயில் இன்றும் ஆஸ்பத்திரி இருக்கிறது.

இசட் புள்ளி என்றால் என்ன?

மருத்துவத்துக்கு உயர்தரத்தில் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய மூன்றும் வேண்டும். அனுமதி, பெற்ற மூன்று ‘ஏ’யைப் பார்த்துத் தரப்படுவதில்லை, இசட் புள்ளியைப் பார்த்தே தரப்படுகிறது. அந்தப் பாடத்தில் எல்லா மாணவரும் எடுத்த சராசரியைவிட நம் பிள்ளை எவ்வளவு மேலே நிற்கிறது என்பதற்கான அளவு அது.

ஒரு கற்பனைக் கணக்கு சொல்கிறேன். உயிரியலில் சராசரி 50, நியம விலகல் 15 என்று வைப்போம். பிள்ளை எடுத்தது 74. 74இலிருந்து 50ஐக் கழித்தால் 24. அதை 15ஆல் வகுத்தால் 1.6. இதேபோல இரசாயனவியலில் 1.5, பௌதிகவியலில் 2.0 வந்தால், மூன்றையும் கூட்டி மூன்றால் வகுக்க 1.7 வரும். அதுதான் பிள்ளையின் இசட் புள்ளி.

இதில் பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. எல்லோருக்கும் கஷ்டமான பாடத்தில் கூடுதலாக எடுக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் மதிப்பு இருக்கிறது. “உயிரியல்தானே டாக்டருக்கு முக்கியம்” என்று பௌதிகவியலைக் கைவிடும் பிள்ளை அங்கேதான் பின்தங்குகிறது.

எந்த மாவட்டம்? இதுதான் நம் தலைவலி

மருத்துவம் போன்ற கற்கைநெறிகளுக்கான இடங்களில் 40 வீதம் வரை அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்பவும் பகிரப்படுகின்றன. எஞ்சிய 5 வீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகத் தரப்படுகிறது. வடக்கின் ஐந்து மாவட்டங்களும் புத்தளமும் அந்தப் பதினாறில் அடங்கும். ஆகவே பெரும்பாலான பிள்ளைகள் போட்டியிடுவது தம் மாவட்டத்துப் பிள்ளைகளோடுதான். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் வெட்டுப்புள்ளி வேறு. அது ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

1970களின் தொடக்கத்தில் மொழிவாரித் தரப்படுத்தலும் 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தபோது யாழ்ப்பாணம் கொதித்தது. அந்த வரலாறு எல்லோருக்கும் தெரியும். வடக்கு முஸ்லிம்களுக்கு மாவட்டம் என்ற சொல் வேறொரு காயத்தையும் நினைவூட்டுகிறது. 1990 ஒக்டோபர் 30 அன்று இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட நம் குடும்பங்களில் பெரும்பகுதி புத்தளத்தில் ஒதுங்கியது. முகாமில் பிறந்த பிள்ளைகள் இன்று பெற்றோராகிவிட்டார்கள். இப்போது பல குடும்பங்களுக்கு ஒரு கால் புத்தளத்தில், ஒரு கால் யாழ்ப்பாணத்தில். வாப்பா இங்கே கடை வைத்திருப்பார். உம்மாவும் பிள்ளைகளும் அங்கே இருப்பார்கள்.

இந்த நிலையில் “எங்கள் பூர்வீகம் யாழ்ப்பாணம், காணி உறுதி இருக்கிறது, வாக்காளர் பட்டியலிலும் பெயர் இருக்கிறது” என்று சொல்லி யாழ்ப்பாண மாவட்டத்தில் பிள்ளைக்கு இடம் கேட்க முடியாது. பாடசாலை மூலம் தோற்றும் மாணவரின் மாவட்டத்தைப் பொதுவாகத் தீர்மானிப்பது, பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் பிள்ளை படித்த பாடசாலை அமைந்திருக்கும் இடமே. சாதாரண தரம் எழுதிய கையோடு பிள்ளையைப் புத்தளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கோ, இங்கிருந்து கொழும்புக்கோ மாற்ற நினைப்பவர் இதை முதலில் அறிய வேண்டும். இடையில் மாறினால் விடுகைப் பத்திரம், மாணவர் வரவுப் பதிவு போன்ற ஆதாரங்கள் ஒழுங்காக இருக்க வேண்டும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் அனுமதிக் கைநூலில் இந்த விதி எழுதப்பட்டிருக்கிறது. அது தமிழிலும் கிடைக்கிறது. அந்தந்த ஆண்டின் கைநூலையே வாசியுங்கள். அயல்வீட்டுக்காரர் சொன்னதை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

இன்னொன்று. உயர்தர விஞ்ஞானப் பிரிவு எல்லாப் பாடசாலையிலும் இல்லை. 1ஏபி வகைப் பாடசாலைகளில்தான் உண்டு. பெயரளவில் பிரிவு இருந்தும் பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லாத இடங்களும் நாட்டில் இருக்கின்றன. அதிபரிடம் போய் மூன்று பாடத்துக்கும் ஆசிரியர் இருக்கிறாரா, ஆய்வுகூடம் இயங்குகிறதா என்று கேட்பது பெற்றோரின் உரிமை. நம் சமூகத்துப் பாடசாலையில் வசதி போதாதென்றால் நகரத்தின் வேறு பாடசாலைக்கு அனுப்பத் தயங்க வேண்டாம். குறிப்பாகப் பெண்பிள்ளைகளின் விடயத்தில், “தூரம்” என்ற ஒரு சொல்லால் பல கெட்டிக்காரப் பிள்ளைகளின் கனவு சாதாரண தரத்தோடு முடிந்துபோகிறது. நம் பெண்களுக்குப் பெண் வைத்தியர் வேண்டும் என்று கேட்கும் நாம்தான், அந்தப் பெண் வைத்தியரை உருவாக்கும் பஸ் பயணத்துக்கு மறுப்புச் சொல்கிறோம்.

விண்ணப்பத்தில் விருப்பு வரிசை

பெறுபேறு வந்தபின் ஆணைக்குழுவுக்கு இணையவழி விண்ணப்பிக்க வேண்டும். கற்கைநெறியையும் பல்கலைக்கழகத்தையும் சேர்த்து வரிசைப்படுத்தித் தர வேண்டும். யாழ்ப்பாணத்தில் மருத்துவம் ஒரு தெரிவு, கிழக்குப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் இன்னொரு தெரிவு. பிள்ளையின் புள்ளிக்கு எட்டக்கூடிய மிக மேலான விருப்பமே கிடைக்கும். எனவே உண்மையான விருப்பப்படி வரிசைப்படுத்துவதுதான் புத்தி.

மருத்துவத்தை மட்டும் எழுதிவிட்டுப் படிவத்தை மூடுவது ஆபத்து. பல் மருத்துவம், கால்நடை மருத்துவம், தாதியியல், மருந்தாளர், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், சித்த மருத்துவம், யூனானி எல்லாமே உயிரியல் பிரிவுக்குத் திறந்திருக்கும் கதவுகள். யூனானி நம் முன்னோர் பேணி வளர்த்த வைத்தியம். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் அதற்குப் பட்டப்படிப்பு உண்டு. இவற்றை “டாக்டர் கிடைக்காதவர் படிப்பது” என்று பிள்ளையின் முன் பேசாதீர்கள்.

அரச பல்கலைக்கழக அனுமதிக்கு உயர்தரப் பரீட்சையின் மூன்று தடவைகள் மட்டுமே கணக்கில் எடுக்கப்படும். பொது சாதாரணப் பரீட்சையிலும் 30 புள்ளியாவது எடுக்க வேண்டும். அதை விளையாட்டாக எடுக்கக் கூடாது. மருத்துவபீடத்தில் கற்பித்தல் ஆங்கிலத்தில். தமிழ் மொழிமூலம் படிக்கும் பிள்ளை உயர்தரம் எழுதிவிட்டுக் காத்திருக்கும் மாதங்களை ஆங்கிலத்துக்கு ஒதுக்கினால் முதலாம் ஆண்டில் தடுமாறாது.

காணியை விற்று வெளிநாட்டுக்கா?

வெட்டுப்புள்ளி சற்றுத் தவறியதும் முகவர்கள் வீடு தேடி வருவார்கள். “இத்தனை இலட்சம் கட்டுங்கள், ஐந்து வருஷத்தில் டாக்டர்” என்பார்கள். இருபது வருட அகதி வாழ்வுக்குப் பின் மீட்ட காணியை இதற்காக விற்கலாமா என்று என்னிடமே கேட்ட தகப்பன்மார் உண்டு.

நான் அவர்களுக்குச் சொல்வது இதுதான். வெளிநாட்டில் படிப்பது பாவமில்லை. அப்படிப் படித்து வந்து நன்றாகச் சேவை செய்யும் வைத்தியர்கள் நம் ஆஸ்பத்திரிகளில் இருக்கிறார்கள். ஆனால் பணம் கட்டுமுன் மூன்றைப் பாருங்கள். ஒன்று, அந்தப் பல்கலைக்கழகத்தை இலங்கை மருத்துவ சபை அங்கீகரித்திருக்கிறதா? முகவரின் துண்டுப்பிரசுரத்தில் அல்ல, சபையிடமே கேளுங்கள். இரண்டு, சபை கேட்கும் குறைந்தபட்ச உயர்தரப் பெறுபேறு பிள்ளையிடம் இருக்கிறதா? அது இல்லாமல் எடுத்த பட்டம் இங்கே பதிவுக்கு உதவாமல் போகலாம். மூன்று, திரும்பி வந்தபின் ஈ.ஆர்.பி.எம். என்ற பரீட்சையில் சித்தியடைந்தால்தான் உள்ளகப் பயிற்சி. அதற்கான காலத்தையும் செலவையும் முகவர் சொல்லும் ஐந்து வருஷத்தோடு கூட்டிப் பாருங்கள். அந்தக் கூட்டுத்தொகை உங்கள் சக்திக்கு மீறியது என்றால், வட்டிக் கடனில் விழுந்து குடும்பத்தையே நொறுக்க வேண்டியதில்லை.

ஜமாஅத்தால் செய்யக்கூடியது

ஒரு மருத்துவரை உருவாக்குவது ஒரு வீட்டால் மட்டும் ஆகிற காரியமல்ல. ஒவ்வொரு மஹல்லாவிலும் சாதாரண தரத்தில் விஞ்ஞானத்திலும் கணிதத்திலும் ‘ஏ’ எடுத்த பிள்ளைகளின் பட்டியல் ஒன்று பள்ளிவாசல் நிர்வாகத்திடம் இருக்கட்டும். ஸகாத் நிதியில் தகுதியானவருக்கு ரியூஷன் கட்டணமும் பஸ் சீற்றுச் செலவும் கொடுக்கலாம். ஏற்கெனவே மருத்துவபீடத்தில் படிக்கும் நம் பிள்ளைகளை விடுமுறையில் அழைத்து, பௌதிகவியலும் இரசாயனவியலும் சொல்லிக்கொடுக்கச் செய்யலாம். அனுமதிக் கைநூலின் பிரதி ஒன்றைப் பள்ளிவாசலில் வைத்தால் அதை வாசித்து விளங்கப்படுத்த ஆசிரியர்கள் நாங்கள் வருவோம்.

இவ்வாண்டு சாதாரண தரம் எழுதிய பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், பாடசாலையையும் மாவட்டத்தையும் பற்றிய முடிவை உயர்தர வகுப்புத் தொடங்குமுன் எடுங்கள். பிறகு மாற்றுவது கஷ்டம். அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக.