துறையும் அணையும்: சிங்கப்பூர் ஆறுகளில் படகிறக்கும் உரிமை குறித்துச் சில சிந்தனைகள்

முன்னுரை

தமிழில் 'துறை' என்னும் சொல் பல பொருள்களைத் தாங்கி நிற்கிறது. ஆற்றிலோ குளத்திலோ மக்கள் இறங்குவதற்குரிய இடம் என்பதே அதன் அடிப்படைப் பொருள். நீராடும் துறை, நீருண்ணும் துறை, வண்ணான் துறை, பரிசல் துறை என அது பயன் நோக்கிப் பலவாகப் பிரிந்தது. மயிலாடுதுறை, ஆடுதுறை, திருவாவடுதுறை எனக் காவிரி பாயும் நாட்டின் ஊர்ப்பெயர்களிலும் அது நிலைத்தது. இலக்கண நூலார் திணையின் உட்பிரிவைத் துறை என்றனர். இன்றோ அறிவுப் புலத்தையும் அரசு அலுவலகத்தையும் அச்சொல்லாலேயே சுட்டுகிறோம். இப்பொருள்கள் பலவற்றினூடும் ஒரு கருத்து இழையோடுகிறது எனலாம். பெரும் பரப்பொன்றினுள் நுழைவதற்கு வகுக்கப்பட்ட வழியே துறை. பரப்பு எத்துணை விரிந்ததாயினும் துறையின்றி அதனுள் இறங்க இயலாது.

அணையிட்டு நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்திய ஓர் ஆற்றில் பொதுமக்கள் படகிறக்கும் துறை யாருடைய பொறுப்பு, அது உரிமையா, சலுகையா என்னும் வினாக்களைச் சிங்கப்பூரை முன்வைத்து ஆராய இக்கட்டுரை முற்படுகிறது. படகோட்டுவோர் சிலரின் பொழுதுபோக்குப் பற்றிய வினாவாக மட்டும் இதனைக் கொள்ளல் ஆகாது. இந்நகரின் ஆற்றங்கரையில் தமிழரின் தொடக்ககால வாழ்வு துறைகளைச் சார்ந்தே அமைந்தது என்பதை நினைவிற் கொள்ளின், இவ்வினாவின் ஆழம் புலப்படும்.

ஏற்றமும் வற்றமும் ஆண்ட ஆறு

1819ஆம் ஆண்டுக்குப் பின் சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரம் வணிகத்தின் நெஞ்சமாயிற்று. பெருங்கப்பல்கள் ஆற்றினுள் வர இயலாமையால் கடலில் நங்கூரமிட்டு நின்றன. அவற்றின் சரக்கைக் கரை சேர்த்தவை தொங்கான் எனப்பட்ட சரக்குத் தோணிகள். இத்தோணித் தொழிலில் 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் முன்னின்றோர் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியர் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் ஆவர். 1822இல் இராஃபிள்சின் ஆணைப்படி வகுக்கப்பட்ட நகரத் திட்டத்தில் சூலியருக்கெனச் சிங்கப்பூர் ஆற்றின் மேற்பகுதியில் ஓர் இடம் குறிக்கப்பட்டது. 1826இல் நிறுவப்பட்ட ஜாமியா சூலியா பள்ளிவாசலும், அதனையடுத்து எழுந்த நாகூர் தர்காவும், ஆற்றுக்கு அண்மையில் இன்றும் வழங்கும் சூலியா ஸ்திரீட் என்னும் தெருப்பெயரும் அக்காலத்தின் சான்றுகள். நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தொழிலில் சீனரின் கை ஓங்கியது.

இத்தோணிக்காரர்களுக்குத் துறையாக அமைந்தவை போட் கீ கரையெங்கும் ஆற்றுக்குள் இறங்கிய கற்படிகள். சதுப்பாக இருந்த தென்கரையை மேடாக்கி அமைத்த கரை அது. 1860களில் சிங்கப்பூரின் கப்பல் வணிகத்தில் முக்காற்பங்கு அங்கேயே நடந்தது. ஆயினும் அத்துறைகளைப் பயன்படுத்தும் நேரத்தைக் கடலே வகுத்தது. வற்றத்தின்போது தோணிகள் சேற்றில் அமர்ந்தன. ஏற்றத்தின்போது பாலங்கள் தடையாயின. 1869இல் கட்டப்பட்ட கெவினா பாலத்தின் அடியில் நீர் உயர்ந்த வேளையில் தோணிகள் நுழைய முடியாமல், நீர் தாழும்வரை காத்து நின்றன. ஆற்றில் இறங்கும் உரிமைக்கு எல்லை வகுத்தது இயற்கை. அதன் கால அட்டவணையைத் தோணிக்காரர் ஒவ்வொருவரும் அறிந்திருந்தனர்.

1977இல் அன்றைய பிரதமர் திரு லீ குவான் இயூ, சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் வடிநிலத்தையும் பத்தாண்டுகளில் தூய்மைப்படுத்தப் பணித்தார். அப்பணியின் ஒரு பகுதியாக 1983இல் ஏறத்தாழ 800 தோணிகள் பாசிர் பாஞ்சாங்கிற்கு இடம்பெயர்க்கப்பட்டன. 1987இல் தூய்மைப்பணி நிறைவெய்தியது. மாசு நீங்கியது பெரும் பேறே. ஆனால் ஆற்றை நாள்தோறும் பயன்படுத்திய தொழில் சமூகமும் அதனோடு நீங்கியது. படிகள் எஞ்சின, அவற்றில் இறங்குவோர் எஞ்சவில்லை.

அணைக்குப் பின்

மரீனா கால்வாயின் குறுக்கே 350 மீட்டர் நீளத்தில் கட்டப்பட்ட மரீனா அணைக்கட்டு 2008ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் திறக்கப்பட்டது. சிங்கப்பூர் ஆறு, காலாங் ஆறு, கேலாங் ஆறு, ரோச்சோர் ஆறு, ஸ்டாம்ஃபோர்டு கால்வாய் ஆகியன இதன் பின்னால் தேங்குகின்றன. நீர்ப்பிடிப்புப் பரப்பு ஏறத்தாழ 10,000 ஹெக்டேர். அதாவது தீவின் நிலப்பரப்பில் ஆறிலொரு பங்கு. சிராங்கூன் சாலையிலும் எருமைத் தெருவிலும் பெய்யும் மழை, லிட்டில் இந்தியாவின் ஓரமாகச் செல்லும் ரோச்சோர் கால்வாய் வழியே இந்நீர்த்தேக்கத்தையே சேர்கிறது. ஒருகாலத்தில் கால்நடைத் தொழிலுக்கு நீர் வழங்கிய ஆறு, இன்று குடிநீருக்கு நீர் வழங்குகிறது.

அணைக்கட்டு இயங்கும் முறையைச் சுருங்கக் காண்போம். இதில் ஒன்பது எஃகு மதகுகளும் நீர் இறைக்கும் பெரும் பொறிகள் ஏழும் உள்ளன. கனமழை பெய்யும்போது கடல் தாழ்ந்திருந்தால் மதகுகள் இறக்கப்பட்டு மிகைநீர் கடலில் விடப்படும். கடல் உயர்ந்திருந்தால் மதகுகளைத் திறத்தல் இயலாது. அப்போது பொறிகள் நீரைக் கடலுக்கு இறைக்கும். தாழ்நிலப் பகுதிகளை வெள்ளத்தினின்று காப்பதும், குடிநீர் சேமிப்பதும், ஆண்டு முழுதும் நீர்மட்டத்தை ஏறக்குறைய மாறாது வைத்து நீர் விளையாட்டுக்கு இடமளிப்பதும் இதன் முப்பயன்கள்.

மூன்றாம் பயனே நம் ஆய்வுக்குரியது. நீர்மட்டம் நிலையாக நின்றமையால் படகிறக்கும் தொழில்நுட்பத் தடை பெரும்பாலும் நீங்கியது. சேறில்லை, காத்திருத்தல் இல்லை. 2010இல் நடைபெற்ற முதலாவது இளையர் ஒலிம்பிக் போட்டிகளின் துடுப்புப் படகுப் போட்டிகள் இந்நீர்ப்பரப்பில் நிகழ்ந்தமை இதற்குச் சான்று. ஆனால் எல்லை வகுக்கும் அதிகாரம் கடலிடமிருந்து நிறுவனத்தின் கைக்கு மாறியது. அணை நீரை மட்டும் கட்டுப்படுத்துவதில்லை. நீரை அணுகும் வழியையும் கட்டுப்படுத்துகிறது. இதுவே நாம் வலியுறுத்த விழையும் கருத்து.

அனுமதியும் உரிமையும்

நீர்த்தேக்கங்களை நிருவகிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகம் 2006இல் துடிப்பான, அழகான, தூய்மையான நீர்நிலைகள் என்னும் திட்டத்தைத் தொடங்கியது. மக்கள் நீரை நெருங்கினால்தான் அதனைப் பேணுவர் என்பது அதன் அடிப்படைக் கொள்கை. அக்கொள்கைவழி கரைகள் பல பூங்காக்களாயின. பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் கான்கிரீட் கால்வாயாக ஓடிய காலாங் ஆறு 2012இல் மீண்டும் இயற்கை ஆற்றின் வடிவம் பெற்றது. ரோச்சோர் கால்வாய்க் கரையும் 2015இல் புதுப்பொலிவு பெற்றது.

எனினும் கரையை நெருங்குதல் வேறு. நீரில் இறங்குதல் வேறு. நீர்த்தேக்கத்தில் படகு செலுத்தக் கழகத்தின் அனுமதி வேண்டும். நடைமுறையில், நீர் விளையாட்டு மையங்கள், சங்கங்கள், மக்கள் கழகத்தின் நிலையங்கள் ஆகியவற்றின் வழியாகவே பெரும்பாலோர் நீரை அடைகின்றனர். மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தில் கயாக் எனப்படும் சிறு துடுப்புப் படகை வாடகைக்கு எடுத்துத் தாமே செலுத்த விழைவோர் முதல்நிலைத் தகுதிச் சான்று பெற்றிருத்தல் வேண்டும்.

இக்கட்டுப்பாடுகளுக்குத் தக்க காரணங்கள் உள. இது குடிநீர், எண்ணெய்க் கசிவும் கழிவும் கலத்தல் ஆகாது. மதகுகளும் பொறிகளும் இயங்கும் இடத்தருகே செல்வது உயிருக்கு ஊறு விளைக்கும். திடீர் மழையில் கால்வாய்களில் நீர் விரைந்து பெருகும். ஆதலின் கட்டுப்பாடே வேண்டா என்பார் கூற்று ஏற்கத்தக்கதன்று. நாம் வினவுவது வேறொன்று. கட்டுப்பாடு எவ்வாறு படகோட்டலாம் என்பதைக் கூறுகிறதா, அன்றி யார் இறங்கலாம் என்பதைக் கூறுகிறதா? முன்னது துறையின் ஒழுங்கு. பின்னது துறையின் கதவு. சங்க உறுப்பினர் அல்லாத, வாடகை செலுத்தும் வசதி குறைந்த ஒருவர், உரிய பயிற்சியும் சொந்தப் படகும் பெற்றிருந்தும் ஆற்றில் இறங்க இடமில்லையெனில், அவர்க்கு ஆறு வெறும் காட்சியே ஆகும்.

பிற நாடுகளின் பட்டறிவு

இவ்வினா தொன்மையானது. கி.பி. 533இல் பேரரசர் ஜஸ்டினியன் வெளியிட்ட சட்டப் பாடநூல் இதனைத் தெளிவாகப் பிரித்துரைக்கிறது. ஆற்றங்கரையின் உடைமை அடுத்துள்ள நிலத்தாருக்கு உரியது; ஆனால் படகைக் கரை சேர்ப்பதும், அங்குள்ள மரத்தில் கயிறு பிணிப்பதும், சரக்கு இறக்குவதும் யாவர்க்கும் பொது என்பது அதன் கருத்து. உடைமையையும் பயன்பாட்டையும் வேறாகக் கண்ட இந்நோக்கு இன்றும் பயனுடையது.

அமெரிக்காவில் தனியார் நீர்மின் அணைகளுக்கு நடுவணரசின் ஆணையம் 30 முதல் 50 ஆண்டு வரையிலான காலத்துக்கு உரிமம் வழங்குகிறது. மின்னாக்கத்தோடு, மீன் முதலிய உயிரினங்களின் நலம், பொதுமக்களின் பொழுதுபோக்கு ஆகியவற்றையும் ஒப்ப மதித்தே உரிமம் வழங்க வேண்டும் என 1986இல் சட்டம் திருத்தப்பட்டது. இதனால் படகிறக்கும் தளம் அமைத்துப் பேணுவது உரிமத்தின் நிபந்தனையாக இடம்பெறுகிறது. உரிமம் புதுப்பிக்கப்படும் காலத்தில் ஊராரும் படகோட்டிகளும் தம் கோரிக்கையை முன்வைக்க வழியுண்டு. அணையின் செலவுக் கணக்கில் துறையும் ஓர் உறுப்பாகிவிடுகிறது.

தமிழகத்தின் நிலை வேறு. 1934இல் நிறைவுற்ற மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. அந்நீர்த்தேக்கத்தின் கரையிலுள்ள பண்ணவாடியில் பரிசல் துறை உண்டு. நீர் வெகுவாக வற்றுங்கால் மூழ்கிய கோயிலின் நந்தி வெளிப்படும். துறையும் நீரைப் பின்தொடர்ந்து இறங்கிச் செல்லும். மேலேயுள்ள ஒகேனக்கலில், கர்நாடக அணைகளிலிருந்து நீர் பெருகி வரும்போது பரிசல் இயக்க மாவட்ட நிருவாகம் தடை விதிப்பதும், நீர்வரத்துக் குறைந்தபின் தடையை நீக்குவதும் வழக்கம். தடை பரிசலோட்டிகளுக்கு வருவாய் இழப்பே எனினும், அதன் காரணம் நீரின் அளவு; அவ்வளவு நாள்தோறும் நாளிதழில் வெளிவருகிறது. அளவால் விதிக்கப்படும் தடை அளவால் நீங்கும் என்பது இதனால் பெறப்படும் பாடம்.

சிங்கப்பூரில் செய்யத்தக்கன

சிங்கப்பூரில் அணை அரசு அமைப்பின் உடைமை. புதுப்பிக்க வேண்டிய உரிமம் என ஒன்றில்லை. ஆகவே அமெரிக்க முறை இங்குப் பொருந்தாது. எனினும் வேறொரு வாயில் உண்டு. நிலப் பயன்பாட்டை வகுக்கும் பெருந்திட்டம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்யப்படுகிறது. அதன் வரைவு மக்கள் பார்வைக்கு வைக்கப்படுகிறது. காலாங் ஆற்றின் இரு மருங்கிலும் இரண்டு கிலோமீட்டர் தொலைவுக்குள் ஏறத்தாழ 800,000 பேர் வாழ்வதாகவும், அடுத்த இருபதாண்டுகளில் 100,000 வீடுகள் கூடுதலாக எழக்கூடும் எனவும் நகர மறுசீரமைப்பு ஆணையம் 2017இல் அறிவித்தது. கரையில் வீடுகள் எழுமுன் துறைக்கு இடம் ஒதுக்குதல் எளிது, எழுந்தபின் அரிது.

இந்நோக்கில் மூன்று செய்திகளை முன்வைக்கலாம். முதலாவது, நீர்த்தேக்கத்தைச் சேரும் ஒவ்வோர் ஆற்றின் தக்க பகுதியிலும் சங்கச் சார்பற்ற பொதுத்துறை ஒன்றேனும் வரைபடத்தில் குறிக்கப்படுதல் வேண்டும். பேருந்திலும் தொடர்வண்டியிலும் வருவோர் மடக்குப் படகைச் சுமந்து அடையத்தக்க இடமாக அது அமைதல் நன்று. இரண்டாவது, தகுதிச் சான்று பெற்ற எவரும் இயந்திரமற்ற படகுடன் இறங்கலாம் எனப் பொது விதி அமைப்பின், ஒவ்வொரு முறையும் அனுமதி நாடும் நிலை நீங்கும். மழையெச்சரிக்கையின்போது துறை மூடப்படுமாயின் அதனை யாரும் குறை கூறார். மூன்றாவது, பழைய கற்படிகள் எஞ்சியுள்ள இடங்களில் அவற்றைப் பயன்படுத்திய தோணிக்காரர்களைப் பற்றிய குறிப்பு நான்கு மொழிகளிலும் இடம்பெறுதல் வேண்டும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால், அணை ஆற்றின் எதிரி என்பதோ, நிருவாகம் மக்களுக்கு எதிரானது என்பதோ நம் முடிபன்று. அணைக்கட்டின்றி இத்தீவின் ஆறிலொரு பங்கு மழைநீர் கடலில் வீணே கலந்திருக்கும். ஆயின், அணை கட்டுவோர் மதகையும் பொறியையும் வரையும்போதே துறையையும் வரைதல் வேண்டும். பின்னர் வேண்டிப் பெறும் பொருளாக அதனை விடுதல் தகாது.

தமிழாசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. 'துறை' என்னும் சொல்லைக் கற்பிக்கும்போது காவிரிக் கரை ஊர்களோடு போட் கீயின் படிகளையும் எடுத்துக்காட்டலாம். லிட்டில் இந்தியாவிலிருந்து ரோச்சோர் கால்வாய்க் கரை நடந்து செல்லும் தொலைவே. அங்கு மாணவரை அழைத்துச் சென்று, இந்நீர் எங்கிருந்து வருகிறது, எங்குச் செல்கிறது, இதில் இறங்குவதற்கு வழி எங்குள்ளது என வினவச் செய்தால், பெருந்திட்டத்தின் அடுத்த வரைவு மக்கள் பார்வைக்கு வரும்போது அவ்வினாவை எழுப்புவோர் சிலரேனும் அவர்களுள் இருப்பர்.