கையெழுத்துப் போடாத துணை

பி.எட். கற்பித்தல் பயிற்சிக்காகப் பழையசீவரம் ஸ்டேஷனில் காலை வண்டிக்குக் காத்திருந்த நாட்களில் எனக்கு ஆளில்லாமல் இல்லை. போய்ச் சேர்ந்த பள்ளியில் வகுப்பு நிறையப் பிள்ளைகள், ஓய்வறையில் ஆசிரியர்கள். ஆனால் 'இன்னிக்கு கிளாஸ் கைவிட்டுப் போயிடுச்சு' என்று சொல்ல ஒருவரும் இல்லை. பயிற்சி ஆசிரியரின் தனிமை என்று நான் சொல்வது இதைத்தான்: தோல்வியைப் பேச இடமற்ற தனிமை.

இதைக் கூச்சம் என்றும் அனுபவக்குறைவு என்றும் தனிமனித மனத்தின் கணக்கில் எழுதிவிடுவது சுலபம். அமைப்பைப் பார்ப்போம். 2014ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் பி.எட்.டை இரண்டாண்டுப் படிப்பாக்கி, 20 வாரப் பள்ளிப் பயிற்சியையும் கட்டாயமாக்கின. காலம் கூடியது, உறவு மாறவில்லை. பாடக்குறிப்பில் கையெழுத்திடுபவரும், பின்னால் உட்கார்ந்து குறை எழுதுபவரும் வழிகாட்டி ஆசிரியரே. அவர் வார்த்தைதான் மதிப்பெண்ணாகிறது.

ஒருமுறை என் வழிகாட்டியிடம், 'கடைசி பெஞ்சு பசங்க எழுதவே மாட்டேங்கறாங்க டீச்சர்' என்றேன். நல்ல மனுஷிதான். 'இத ரெக்கார்டுல எழுதாதம்மா, மார்க் போயிடும்' என்றார். அவருடைய கருணையே என் வாயை அடைத்தது. அந்தப் பையன்களுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாதா, அவர்களைக் கடைசி பெஞ்சுக்குத் தள்ளியது எது என்ற கேள்விகள் பதிவேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டன. இழப்பு எனக்கு மட்டுமல்ல.

கண்காணிப்பும் தீர்ப்பும் தேர்வில் ஒன்றுசேர்கின்றன என்று ஃபூக்கோ 1975இல் எழுதினார். இங்கே உதவியும் அவற்றோடு சேர்ந்துகொள்கிறது. இது புதிதும் அல்ல. திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தான்; வாத்தியாரின் கண்ணாகவும் இருந்தான். 1789இல் சென்னை ஆண் அநாதை விடுதியின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், மாணவனைக் கொண்டே மாணவனுக்குக் கற்பிக்கும் முறையை அங்கே நடத்தி, 1797இல் அதை நூலாக்கினார். அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்தில் பரவியது. துணையும் ஒற்றும் ஒரே ஆளாக இருக்கும் ஏற்பாட்டைத்தான் நம் பயிற்சி வகுப்புகள் இன்னும் சுமக்கின்றன.

எனக்குக் கிடைத்த துணை மாலை வண்டிக்காக நின்ற பிளாட்பாரத்தில், வேறு பள்ளிக்குப் போய்வந்த இன்னொரு பயிற்சி மாணவி. 'அக்கா, எனக்கும் கிளாஸ் அடங்கல' என்றாள். அன்றுதான் நாங்கள் பாடம் பற்றிப் பேசினோம். எங்கள் ரெக்கார்டு அவளிடமோ என்னிடமோ இல்லை என்பதால் பேச முடிந்தது.

மதிப்பிட யாராவது வேண்டாமா என்பார்கள். வேண்டும். அவர் வேறொருவராக இருக்கட்டும். மதிப்பெண் அதிகாரமில்லாத ஒரு மூத்த ஆசிரியர், வாரம் ஒருமுறை பயிற்சி மாணவர்கள் மட்டும் கூடிப் பேச ஒரு மணி நேரம், அங்கே பேசியது பதிவேட்டுக்குப் போகாது என்ற உறுதி. ஆசிரியர் இயக்கங்கள் சம்பளக் கோரிக்கையோடு இதையும் சேர்த்துக் கேட்கலாம்.