வாய்ச்சண்டைக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர்?

ரயில்வேயில் விசாரணை அறிக்கைகள் எழுதிப் பழகியவன் என்பதால், ஹவுசிங் சொஸைட்டிக்குப் புகார் எழுதும் சங்க அன்பர்கள் என்னிடம் வருவதுண்டு. சிக்கல் பெரும்பாலும் ஒரே சொல்லில்தான்.

பார்க்கிங் இடத்துக்காக இருவர் கத்திக்கொண்டார்கள், கை நீளவில்லை. இதற்கு 'ஆல்டர்கேஷன்' பொருத்தம். பத்திரிகைகள் அடிதடிக்கும் இதையே போடுகின்றன. எனக்கு அது சம்மதமில்லை. அற்ப விஷயமானால் 'ஸ்குவாபிள்'. 'ரௌ' பேச்சுவழக்கு ('ரோ' என்று உச்சரித்தால் வரிசையாகிவிடும்!). 'டிஸ்ப்யூட்' என்பதில் சூடே இல்லாமலும் இருக்கலாம். நிலத்தகராறு காகிதத்திலேயே வருஷக்கணக்கில் நடக்கிறதே. பிடித்துத் தள்ளிக்கொண்டால் 'ஸ்கஃபிள்'.

'அஃப்ரே', 'அஸால்ட்' இரண்டும் சட்டச் சொற்கள். பொது இடத்தில் அடித்துக்கொண்டு அமைதியைக் குலைப்பது அஃப்ரே. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதையின் 194-ஆம் பிரிவில் ஒரு மாதம் வரை சிறை உண்டு. அஸால்டுக்கோ அடி விழவே வேண்டாம். அடிக்கப்போகிறான் என்று எதிராளி அஞ்சும்படி வேண்டுமென்றே கையை ஓங்கினாலே போதும். ஆனால் வெறும் வார்த்தை, எத்தனை சுடுசொல்லானாலும், அஸால்ட் ஆகாது என்று 130-ஆம் பிரிவின் விளக்கமே சொல்கிறது. பழைய சட்டத்திலும் அப்படித்தான்.

கூச்சலை மட்டும் கேட்ட சாட்சிகளை வைத்து, ஒரு மேற்பார்வையாளர் அறிக்கையில் 'அஸால்ட்' என்று எழுத, கேங்மேன் ஒருவர் சஸ்பெண்ட் ஆனதைப் பார்த்திருக்கிறேன். விசாரணையில் அது 'ஆல்டர்கேஷன்' என்று மாறிய பிறகு, எச்சரிக்கையோடு வேலைக்குத் திரும்பினார்.